மையம் திறந்தாயிற்று, நம் டாக்டர் யார்?

2023 ஜூன் 6 அன்று தமிழ்நாட்டில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மொத்தம் 708 என்பது திட்டம். காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் ஓ.பி. நடக்கும், டாக்டர், நர்ஸ், சுகாதார ஆய்வாளர், உதவியாளர் என்று தலா ஒருவர் இருப்பார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கு அந்த மாலை நேரம் சின்ன விஷயமல்ல. பிரஷர் பார்க்க ஒரு நாள் சம்பளத்தை விடவேண்டியதில்லை, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வரை பஸ் ஏறவும் வேண்டாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் கட்டடத்துக்கான பஞ்சம் மெல்லக் குறைந்துவருகிறது என்றே சொல்லலாம். ஆனாலும் இங்கே பெரும்பாலான குடும்பங்களால் தங்கள் ரேஷன் கடை எது என்று சொல்ல முடியும், தங்கள் டாக்டர் யார் என்று சொல்ல முடியாது. அரசு அடுத்ததாகச் செய்யவேண்டியது, ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் தெரிந்த ஒரு டாக்டரிடம் பதிவு செய்வது.

காய்ச்சலுக்கும் இருமலுக்கும் யாரிடம் காட்டினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இன்று ஆளை வீழ்த்துவது சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். தொற்றா நோய்கள் பற்றி 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அது கட்டுக்குள் இருந்தவர்கள் அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான். சர்க்கரை இருந்தவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு சுமார் பதினொரு பேர். மருந்துக்குக் குறைவில்லாத மாநிலம் இது. அரசு நிலையங்களில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் மாத்திரை கையில் கிடைப்பது பாதி வேலைதான். போன முறை அளவை ஏன் கூட்டினோம், இவர் ஏன் நடுவில் நிறுத்திவிட்டார், சிறுநீரகப் பரிசோதனை எப்போது செய்தது என்பதெல்லாம் நினைவில் உள்ள ஒருவர் வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய ஓ.பி. சீட்டு, புதிய முகம் என்றால் சிகிச்சை முதல் நாளிலேயே நிற்கிறது.

நார்வேயில் 2001 முதல் குடிமக்கள் ஒரு குடும்ப டாக்டரின் பட்டியலில் பதிவாகிறார்கள். அங்கே சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே டாக்டரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களையும் ஓராண்டு மட்டுமே இருந்தவர்களையும் ஒப்பிட்டது. நீண்டகாலம் இருந்தவர்களிடம் இறப்புக்கும் அவசர ஆஸ்பத்திரி அனுமதிக்கும் உள்ள வாய்ப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைவு. இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அல்ல. நார்வே வேறு, அம்பத்தூர் வேறு என்றும் சொல்லலாம். ஆனால் வருடங்கள் கூடக்கூடப் பலனும் கூடியது என்பதை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

நம் பக்கத்தில் இப்படிப் பதிவு செய்வதற்கு முதல் முட்டுக்கட்டை நிர்வாக எல்லை. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி ஒரு நகராட்சி. சுகாதாரத் துறைக்கு அதுவே ஒரு சுகாதார மாவட்டத்தின் தலைமையிடம். அம்பத்தூரில் வாடகை கூடிப்போனது என்று திருமுல்லைவாயலுக்கு வீடு மாற்றுபவர் நாலைந்து கிலோமீட்டர்தான் நகர்கிறார், ஆனால் மாநகராட்சியே மாறிவிடுகிறது. பதிவு நோயாளியோடு சேர்ந்து நகர வேண்டும் என்றால், அது மாநகராட்சியின் நோட்டில் இல்லாமல் மாநிலத்தின் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இத்தனை பேருக்கு டாக்டருக்கு எங்கே போவது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மையத்துக்கு 20,000 பேர் என்று வையுங்கள். அதில் பெரியவர்கள் 14,000 இருக்கலாம். ஸ்டெப்ஸ் விகிதத்தில் பார்த்தால் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இரண்டுமோ உள்ளவர்கள் சுமார் 6,000. ஒருவரை வருடத்துக்கு மூன்று முறை பார்த்தால் 18,000 சந்திப்பு. 300 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 60. ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தாலும் ஐந்து மணி நேரம்தான், அதாவது எட்டு மணி நேர ஓ.பி.யில் பாதிக்குச் சற்றே கூடுதல். ஐந்து நிமிடம் போதாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அடுத்த முறையும் அதே டாக்டர் என்றால் அந்த ஐந்து நிமிடத்தில் பழைய கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்காது. முதல் ஆண்டில் எல்லாரையும் பதிவு செய்ய வேண்டாம், இந்த 6,000 பேரைப் பதிவு செய்தால் போதும். மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்களிடம் இவர்களில் பலரின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு எதிர்ப்பு நியாயமானது: ஒரே டாக்டரிடம் கட்டிப்போட்டால் பிடிக்காதவரிடமும் போய் நிற்கவேண்டி வருமே? மாற்றிக்கொள்ளும் உரிமை இல்லாத பதிவு நிலைக்காது. தெரு முனையில் 200 ரூபாய் வாங்கும் தனியார் கிளினிக்குக்கே எல்லாரும் திரும்பிப் போவார்கள். அந்தக் கிளினிக்குகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஒரு டாக்டரிடம் இத்தனை தொழிலாளர் குடும்பங்கள் என்று பதிவு செய்யும் பேனல் முறை, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சில மாநிலங்களில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. இ.எஸ்.ஐ.யின் குறை, வேலை போனாலோ சம்பளம் வரம்பைத் தாண்டினாலோ சில மாதங்களில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுவது. தொழிற்பேட்டையில் இருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிகளை நினைத்தால் பதிவுக்கு உள்ளூர் ரேஷன் கார்டு கேட்கக் கூடாது என்பதும் விளங்கும்.

எனக்கு உண்மையில் கவலை தரும் கேள்வி வேறு. 2020 டிசம்பரில் தொடங்கிய அம்மா மினி கிளினிக்குகள் 2022 தொடக்கத்திலேயே முடிந்துபோயின. ஆட்சி மாறியது, தற்காலிகமாக எடுக்கப்பட்ட டாக்டர்களும் போனார்கள். நலவாழ்வு மைய டாக்டர்களும் பதினொரு மாத ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் வந்தவர்கள்தான். எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர் அங்கே உட்கார்ந்தபடியே முதுநிலைத் தேர்வுக்குப் படிக்கிறார். இடம் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அங்கேயே இருந்தால் அவருக்கு என்ன எதிர்காலம்? குடும்ப மருத்துவம் என்ற முதுநிலைப் படிப்பு இந்தியாவில் இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர் மையங்களில் மூன்று ஆண்டு பணிபுரிந்தபடியே அதைப் படிக்க இடமும், முடித்ததும் நிரந்தரப் பணியும் கொடுத்தால் நோயாளியின் சீட்டில் ஒரே கையெழுத்து மூன்று ஆண்டாவது இருக்கும். பதினொரு மாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பதிவேடு மட்டும் தொடங்கினால், அதில் எழுத டாக்டர் பெயர் இருக்காது.