குஜிர் துப்பாக்கியும் அதன் குழல் முனையும்

ருமேனியாவில், டிரான்சில்வேனியாவின் மலையடிவாரத்தில் குஜிர் என்றொரு சிறிய தொழில் நகரம் இருக்கிறது. ஹாப்ஸ்பர்க் ஆட்சிக் காலத்தில், 1799இல், அங்கே இரும்புப் பட்டறை தொடங்கியது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் அந்த ஊர் தையல் மெஷினும் துணி துவைக்கும் மெஷினும் செய்தது. கூடவே சோவியத் ஏகேஎம் துப்பாக்கியின் நகலையும் செய்தது. 1963ஆம் வருட மாடல் என்று ருமேனிய ராணுவம் அழைத்த துப்பாக்கி அது. முன்பக்கத்தில் செங்குத்தாக இறங்கும் மரக் கைப்பிடியை வைத்தே அதைத் தூரத்திலிருந்து அடையாளம் சொல்லிவிடலாம்.

1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. ருமேனியாவை ஆண்ட சௌஷெஸ்கு அதில் சேர மறுத்தார். அடுத்து நம் மீதும் பாயலாம் என்ற கணக்கில், தொழிலாளர்களையும் விவசாயிகளையும் கொண்டு 'தேசபக்தக் காவலர்' படையை அமைத்தார். அவர்களுக்குத் தந்த துப்பாக்கியில் தொடர்ச்சியாகச் சுடும் வசதி கிடையாது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் போகும். மக்கள் கையில் ஆயுதம் வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும் என்பது சர்வாதிகாரியின் கவலையாக இருந்திருக்கும். ஆக, பின்னாளில் அமெரிக்கக் கடைகளில் விற்ற ஒற்றைச் சூட்டு ரகத்துக்குச் சொந்த ஊரிலேயே ஒரு மூதாதை உண்டு.

சௌஷெஸ்குவைக் கவிழ்த்த 1989 புரட்சிக்குப் பின் ஆலைகளுக்கு டாலர் தேவைப்பட்டது. குஜிரின் துப்பாக்கிகள் எஸ்ஏஆர்-1, டபிள்யூஏஎஸ்ஆர்-10 என்ற பெயர்களில் அமெரிக்காவுக்குப் போயின. விலை மலிவு, பூச்சு சொரசொரப்பு, மரக்கட்டை முரடு. முன்குறி சற்றே சாய்ந்து நிற்பதும் உண்டு. ஆனாலும் 'அடித்தாலும் சாகாது' என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. அது எப்படி என்பதுதான் சுவாரசியம்.

உடல் வெறும் ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகடு. தோட்டா வெடிக்கும்போது எழும் பேரழுத்தத்தை அந்தத் தகடு எப்படித் தாங்கும்? தாங்குவதே இல்லை. தகட்டின் முன்பகுதியில் ஒரு கனத்த எஃகுக் கட்டியை ரிவிட் அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். குழல் அந்தக் கட்டிக்குள் இறுக்கி அழுத்தப்பட்டு, குறுக்கே ஒரு முளையால் பூட்டப்பட்டிருக்கும். சுடும் நேரத்தில் பின்னாலிருந்து வரும் போல்ட், திரும்பி, தன் இரண்டு காதுகளையும் அதே கட்டிக்குள் மாட்டிக்கொள்கிறது. வெடிப்பின் விசை முழுவதும் குழல், கட்டி, போல்ட் என்ற மூன்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தகட்டுக்கு மிச்சமிருக்கும் வேலை, நகரும் பாகங்களுக்குத் தண்டவாளமாக இருப்பதும், அவை பின்னால் வந்து மோதும் அடியை வாங்குவதும்தான். அதனால் பல்லாயிரம் சூடுகளுக்குப் பிறகு வயதாவது முதலில் ஸ்பிரிங்குகளுக்கும், ரிவிட் துளைகளுக்கும், அந்தத் தண்டவாள விளிம்புகளுக்கும்தான்.

இன்னொரு காரணம் குழலின் உட்புறம். அங்கே குரோமியம் முலாம் பூசியிருக்கிறார்கள். பழைய கிழக்கு ஐரோப்பியத் தோட்டாக்கள் பலவற்றின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு மிஞ்சும். காற்றின் ஈரத்தை அது இழுக்க, இரும்பு துருப்பிடிக்கும். முலாம் அதைத் தடுக்கிறது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். ஆகவே அத்தகைய தோட்டாவைச் சுட்ட குழலை முதலில் தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிறகுதான் எண்ணெய் போட வேண்டும். துருவுக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்ப்பவர்தான் துருவை வளர்க்கிறார்.

இத்தனை உறுதியான பொருளில் ஏன் மேகசின் மட்டும் ஆடுகிறது என்று பலர் குறைப்பட்டதுண்டு. ருமேனியாவிலிருந்து டபிள்யூஏஎஸ்ஆர்-10 ஒற்றை வரிசைச் சிறு மேகசினுக்கான குறுகிய வாயோடுதான் வந்தது. அமெரிக்காவில் இறக்கிய பிறகு, இரட்டை வரிசை மேகசின் நுழையும்படி அந்த வாயை அகலமாக வெட்டினார்கள். மேகசினைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பள்ளங்கள், ராணுவ ஏகேஎம்மில் அழுத்தப்பட்டிருப்பவை, இந்தத் தகட்டில் இல்லை. ஆட்டத்துக்குக் காரணம் ஆலையின் அலட்சியம் மட்டுமல்ல, இறக்குமதிச் சட்டமும்தான்.

குழல் முனையில் சட்டத்தின் கை இன்னும் தெளிவாகத் தெரியும். ஏகேஎம்மின் முனையில் 14 மில்லிமீட்டர் விட்டத்தில் இடது மரை வெட்டியிருக்கும். அதில் சாய்வாகச் சீவிய ஒரு சிறு குழாய் திருகப்பட்டு, ஒரு ஸ்பிரிங் முளை அதைக் கழன்றுவிடாமல் பிடிக்கும். தொடர்ந்து சுடும்போது வலதுகைக்காரரின் துப்பாக்கி மேலும் வலமுமாக ஏறும். சாய்ந்த வாயில் மோதும் வாயு முனையைக் கீழும் இடமுமாகத் தள்ளி அதை ஈடுகட்டும். அவ்வளவு எளிய ஏற்பாடு.

அமெரிக்காவில் 1989 ஜனவரியில், கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரப் பள்ளியில் ஏகே ரகத் துப்பாக்கியால் 5 குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டே இத்தகைய துப்பாக்கிகளை அப்படியே இறக்குமதி செய்யத் தடை வந்தது. 1990இல் வந்த சட்டத்தின்படி, பட்டியலிட்ட 20 பாகங்களில் பத்துக்கு மேல் வெளிநாட்டவை இருக்கும்படி அத்தகைய துப்பாக்கியைக் கோக்கக் கூடாது. குழல் முனைத் துண்டும் அந்தப் பட்டியலில் ஒன்று. எனவே ருமேனியத் துண்டைக் கழற்றி உள்நாட்டுத் துண்டு போட்டால் கணக்கில் ஒரு வெளிநாட்டுப் பாகம் குறையும். முனையில் என்ன மாட்டுவது என்பதில் பொறியியலோடு எண்கணிதமும் சேர்ந்துகொண்டது.

1994 செப்டம்பர் 13 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட துப்பாக்கித் தடைச்சட்டம், குழல் முனையில் மாட்டும் ஒளிமறைப்பானையும் அதை மாட்டுவதற்கான மரையையும் தடையைத் தீர்மானிக்கும் அம்சங்களில் சேர்த்தது. அதனால் அந்தக் காலத்து ருமேனிய வரவுகள் மரையில்லாத மொட்டை முனையோடு வந்தன. சரியாகப் பத்தாண்டில் அந்தச் சட்டம் காலாவதியாக, மரை திரும்ப வந்தது. ஒரு துப்பாக்கி எந்த ஆண்டுச் சரக்கு என்பதைச் சேகரிப்பவர்கள் முனையைப் பார்த்தே ஓரளவு ஊகிப்பார்கள்.

மொட்டை முனைக்காரர்கள் பிறகு மரை போடக் கிளம்பினார்கள். லேத்தில் குழலின் மையத்தை வைத்து வெட்டினால் சரி. கை டையால் வெட்டிய மரை லேசாகச் சாய்ந்தால், மாட்டிய துண்டும் சாயும். நொடிக்கு 700 மீட்டருக்கு மேலான வேகத்தில் வரும் குண்டு அதன் உட்சுவரில் உரசும். துண்டு நீளமாக இருக்க இருக்க அபாயமும் கூடும்.

மாட்டும் துண்டுகளும் ஒன்றல்ல. ஒளிமறைப்பான், எரிந்து முடியாத வாயு வெளிக்காற்றில் பற்றிச் சுடர்விடுவதைக் குறைக்கிறது. பிரேக் எனப்படுவது வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்பி, தோளில் விழும் உதையைக் குறைக்கிறது. கலிபோர்னியாச் சட்டம் முதலாவதைத் தடுக்கப்பட்ட அம்சமாக எண்ணுகிறது, இரண்டாவதை எண்ணவில்லை. ஆனால் தோளுக்கு இதம் தரும் அந்தப் பிரேக், வாயுவோடு ஓசையையும் பக்கத்தில் நின்று சுடுபவர் முகத்தின் மீது திருப்பிவிடுகிறது. பயிற்சிக் களத்தில் பிரேக் மாட்டியவருக்கு அடுத்த இடம் காலியாகக் கிடப்பதற்கு அது போதும்.