தீபத்தை மறைக்கும் சுவர்

பெருவிழாக் காலத்தில் மண்டபத்தில் உற்சவர் எழுந்தருளியிருக்கும்போது, கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் முதியோர் பலருக்கும் ஒரு மனக்குறை தோன்றும். தீபாராதனை நடக்கும் அந்தக் கணத்தில் சரியாக ஒரு தூண் குறுக்கே நிற்கும். கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து, திருமுகத்தின் பாதியையும் மாலையின் மீதியையும் சேவித்துத் திரும்புவார்கள். ஆனாலும், 'இந்தத் தூணை எடுத்துவிட்டால் என்ன?' என்று எவரும் கேட்டதில்லை. அது எதைத் தாங்கி நிற்கிறது என்பது தலையை உயர்த்தினாலே தெரிகிறது.

மதுரை மீனாட்சி அம்மன் திருக்கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. திருவரங்கத்தின் ஆயிரங்கால் மண்டபத்தில் 953. இத்தனை தூண்கள் அழகுக்காக மட்டும் நிறுத்தப்பட்டவை அல்ல. கருங்கல் தன்மேல் அமரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் நீளமாகக் கிடத்திப் பாரம் ஏற்றினால், அடிப்பக்கம் இழுபட்டு முறிந்துவிடும். ஆகவே தூண்களை நெருக்கி நிறுத்தி, அவற்றின் தலையில் இருபுறமும் கைநீட்டும் பொதிகையை வைத்து, அதன்மேல் உத்திரமும், உத்திரத்தின்மேல் மூடுகல்லும் அமைத்தார்கள் ஸ்தபதிகள். பொதிகையின் நுனியில் தொங்கும் வாழைப்பூ வடிவத்தை வியந்து பார்க்கிறோம். உத்திரம் தாவ வேண்டிய தூரத்தை அந்தப் பொதிகை இருபுறமும் குறைத்துத் தருகிறது என்பதை எண்ணுவதில்லை.

கோயிலில் கண்ணெதிரே விளங்கும் இந்த உண்மை, வீட்டில் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்துவிடுகிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் நீண்ட கூடம்; மறுபுறம் படுக்கையறையும் பூஜையறையும்; இரண்டுக்கும் இடையே நீளவாக்கில் ஓடும் ஒன்பது அங்குலச் சுவர். அறுபது ஆண்டுகளாக அதிகாலையில் விளக்கேற்றிய தாயார், இடுப்பெலும்பு முறிந்து இப்போது கூடத்துக் கட்டிலில் இருக்கிறார். மருமகள் விளக்கேற்றுகிறாள், மணியோசை கேட்கிறது, சாம்பிராணி மணம் வருகிறது, தீபம் மட்டும் தெரியவில்லை. வாய்விட்டு அவர் எதுவும் கேட்பதில்லை. மகனுக்கு அது புரிகிறது. சுவரை எடுத்துவிட்டால் அம்மாவுக்குத் தரிசனம் கிடைக்கும், நவராத்திரிக்குக் கொலு வைக்கவும் இடம் தாராளமாகும் என்று கொத்தனாரை அழைக்கிறான். அவரும், "ரெண்டு நாள் வேலைதான் ஐயா" என்கிறார்.

இப்படிப்பட்ட இல்லங்கள் எத்தனையோ. எண்ணம் தூயதுதான். ஆபத்து அந்த 'ரெண்டு நாள் வேலை'யில் இருக்கிறது.

ஐந்து அங்குலக் காங்கிரீட் தளத்தின் எடை சதுர அடிக்கு ஏறத்தாழ முப்பது கிலோ. கூடமும் அறைகளும் தலா பத்தடி அகலம் என்றால், நடுச்சுவர் இருபுறமும் ஐந்தைந்து அடித் தளத்தைச் சுமக்கிறது. அதாவது, சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தின் மேலும் சுமார் 300 கிலோ. பூஜையறையை ஒட்டிய பத்தடிச் சுவரை எடுத்தால், அது தாங்கிய மூன்று டன் எடை வேறு இடம் தேட வேண்டும். இது வெறும் தளத்தின் கணக்கு. அதன்மேல் போட்ட சுருக்கியும் தட்டோடும் தனி. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மேலும் ஒரு டன். மாடியில் அதே வரிசையில் பத்தடி உயரத்துக்கு ஒன்பது அங்குலச் சுவர் இருக்குமாயின், அச்சுவரின் எடை மட்டுமே அடிக்கு 400 கிலோ.

எடையோடு தீர்வதில்லை. பத்தடி தாவிய தளம், நடுச்சுவர் போனபின் இருபதடி தாவ வேண்டும். தாவும் தூரம் இரட்டித்தால் தளத்தை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். நடுவில் ஏற்படும் தொய்வு பதினாறு மடங்கு வரை கூடும். மேலும், இரு சுவர்களுக்கு நடுவே தளத்தின் அடிப்பக்கம் இழுபடும். அங்கே கம்பிகள் கீழே இருக்கும். சுவரின் தலைக்கு மேலே மேற்பக்கம் இழுபடும். அங்கே கம்பிகளை மேலே ஏற்றிக் கட்டியிருப்பார்கள். சுவரை எடுத்தவுடன் அந்த இடமே தாவலின் நடுவாகிவிடுகிறது. கம்பி கீழே தேவைப்படும் இடத்தில் அது மேலே கிடக்கிறது. அன்றே இடிந்து விழாமல் சில காலம் தாக்குப்பிடிக்கவும் கூடும். 'எடுத்து ஆறு மாதமாயிற்று, ஒன்றும் ஆகவில்லையே' என்ற ஆறுதல் அதனால்தான் பயனற்றது.

அக்கிரகாரத்துப் பழைய வீடுகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்குமூலையாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் கெட்டிப்படுத்திய மெட்ராஸ் டெரஸ் தளம் அது. ஒவ்வொரு கட்டையின் நுனியும் சுவருக்குள் புதைந்திருக்கும். அந்தச் சுவரை எடுத்தால் கட்டைகளுக்குப் பிடிமானமே இல்லை.

எந்தச் சுவர் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்று எப்படி அறிவது? தட்டிப் பார்த்து ஓசையால் சொல்வோர் உண்டு; அதை நம்புவதற்கில்லை. நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவர்தான். ஆயினும், சிக்கனமாகக் கட்டிய சில வீடுகளில் அதன்மேலும் தளத்தை அமர்த்தியிருப்பார்கள். தூணும் பீமும் எழுப்பி, பிறகு சுவர் அடைத்த புதிய வீடுகளில் ஒன்பது அங்குலச் சுவரும் பாரமின்றி நிற்கக்கூடும். தளத்தின் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது, மாடியில் அதே வரிசையில் என்ன இருக்கிறது, அஸ்திவாரம் எத்தகையது என்று நேரில் பார்த்துக் கணக்கிடும் கட்டமைப்புப் பொறியாளரே இதைச் சொல்ல வல்லவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் சில சுவர்கள் முழுதும் காங்கிரீட்டால் ஆனவை; கட்டடம் முழுவதற்கும் உரிய உறுப்புகள் அவை. சங்கத்தின் ஒப்புதலும் உள்ளாட்சியின் அனுமதியும் இன்றி அங்கே உளியே வைக்கலாகாது.

வாஸ்து நிபுணரின் சொல்லைக் கேட்டுச் சுவரை மாற்றுவோரும் பலர். நம்பிக்கை அவரவர் உரிமை. பூஜையறை எந்தத் திசையில் அமைய வேண்டும் என்பதை அவர் சொல்லலாம்; அங்கே நிற்கும் சுவர் எத்தனை டன் தாங்குகிறது என்பது அவரிடம் கேட்கும் கேள்வியன்று.

சுவரை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அதற்கும் முறையான வழி உண்டு. சுவரின் இருபுறமும் தளத்துக்கு இரும்பு ஜாக்கிகளால் முட்டுக் கொடுத்து, பாரம் முழுவதையும் முதலில் அவற்றின்மேல் இறக்க வேண்டும். மரத்தளமாயின் ஒவ்வொரு கட்டைக்கும் முட்டு வேண்டும். பிறகு சுவரைச் சிறுசிறு பகுதியாக எடுத்து, கணக்கிட்ட அளவுள்ள இரும்பு உத்திரத்தையோ காங்கிரீட் பீமையோ அமைத்து, அதற்கும் தளத்துக்கும் இடையே வெற்றிடம் இல்லாதபடி கலவையை இறுக்கி அடைக்க வேண்டும். சுவர் நீளம் முழுவதும் பரவி இறங்கிய எடை இனி உத்திரத்தின் இரு முனைகளில் மட்டும் குவியும். ஆகவே அங்கே பொதிகை போல எடையைப் பரப்ப ஒரு காங்கிரீட் மெத்தையோ இரும்புத் தகடோ வேண்டும். அடியிலுள்ள அஸ்திவாரமும் அதற்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். கலவை இறுகிய பின்னரே முட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். வேலைக்காரர்களின் கூலியை மிச்சம்பிடிக்க அவசரப்படக் கூடாத கட்டம் இது.

திருப்பணி தொடங்குமுன் ஆலயங்களில் பாலாலயம் செய்து, மூர்த்தியை வேறிடத்தில் ஆவாகனம் செய்து வழிபடுகிறார்கள். வீட்டிலும் வேலை முடியும்வரை சுவாமி படங்களைப் பத்திரமான மற்றோர் அறைக்கு மாற்றுவது போல, கட்டிலில் இருப்பவரையும் உறவினர் இல்லத்துக்கு அனுப்புதல் நலம். அந்தத் தூசி முதியோர் நெஞ்சுக்கு ஆகாது. முட்டின் நடுவே அவர் படுத்திருப்பதும் தகாது.

ஏற்கெனவே சுவரை எடுத்துவிட்ட வீடுகளில் சில அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். நன்றாக மூடிய கதவு திடீரென நிலையில் சிக்குவது, வாயில் மூலையிலிருந்து சாய்வாகப் புதிய விரிசல் கிளம்புவது, காரை உதிர்வது, தளம் நடுவில் தொய்ந்து தெரிவது ஆகியவை தோன்றினால், அந்த அறையைக் காலி செய்து, அன்றே பொறியாளரை அழைத்து முட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பூச்சு பூசி மறைப்பது பரிகாரமாகாது.

எனினும், அந்தத் தாயாருக்குத் தேவையானது இடமா, தரிசனமா?

திருப்புன்கூரில் நந்தனாருக்குச் சிவலோகநாதரைக் காணவொட்டாமல் நந்தி மறைத்தது. இறைவன் அருளால் நந்தி சற்றே விலகியது. கோயிலை விட்டு நீங்கவில்லை. இன்றும் அங்கே நந்தி விலகிய நிலையில்தான் இருக்கிறது. உடுப்பியில் கனகதாசர் கோயிலுக்குப் பின்னே வெளியில் நின்று உருகியபோது, சுவரில் பிளவு தோன்றிக் கிருஷ்ணன் திரும்பிக் காட்சி தந்தான் என்பது பக்தர் வழங்கும் வரலாறு. 'கனகன கிண்டி' என்று அந்தச் சாளரத்தை இன்றும் வணங்குகிறார்கள். அதைச் சுற்றிலும் சுவர் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

மூன்றடி அகலத்துக்கு ஒரு திறப்பு, அதன்மேல் இருபுறமும் நன்றாகச் சுவரில் ஏறி அமர்ந்த லிண்டல். பல வீடுகளுக்கு இதுவே போதும். பாரம் திறப்பின் இருபக்கச் சுவர் வழியே இறங்கிவிடும். இதற்கும் பொறியாளர் பார்வையும், வேலை நடக்கும்போது முட்டும் தேவை. செலவோ முழுச் சுவரை எடுப்பதைவிட மிகக் குறைவு. சக்கர நாற்காலியில் உள்ளே செல்ல வேண்டுமெனில் அதே மூன்றடியை வாயிலாகவே அமைக்கலாம். சாளரம் போதுமென்றால், அதன் அடிவிளிம்பை வழக்கமான சன்னல் உயரத்தில் வைத்துவிடக் கூடாது. கட்டிலில் தலையணைமேல் இருக்கும் கண்ணின் உயரத்துக்கு அது தாழ்ந்திருக்க வேண்டும். கொத்தனார் உளியை எடுக்கும் முன், விளக்கின் சுடர் இருக்கும் உயரத்துக்கும் தலையணைக்கும் வாயில் வழியே நூல் பிடித்து அளவெடுத்து, சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளலாம். அந்தக் கோட்டைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டியவர் கட்டிலில் இருக்கும் அம்மாதான்.