பாசிக்குச் சாப்பாடு போடுவது யார்?

தேத்தண்ணி ஆறட்டும், தொட்டிப் பாசி அவசரப்பட்டுத் தீர்க்கிற விஷயமல்ல. முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி, கல் அடுக்கி, மோட்டர் வைத்து நீர் விழச் செய்த மட்டக்களப்பு வீடுகளில் சித்திரை வெயில் ஏறியதும் கேட்கிற முறைப்பாடு ஒன்றுதான்: "தண்ணிய முழுசா மாத்தினன், ஒரு கிழம போகல்ல, திரும்பவும் பச்ச."

அந்தத் தண்ணீரை ஒரு கிளாசில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீரே பச்சையாகத் தெரிந்தால், தனித்தனியாகக் கண்ணுக்குப் படாத நுண்பாசி மிதக்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்து, கல்லில் மட்டும் நூல் நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி. அதைத் தடியில் சுற்றி இழுத்துத் தென்னையடியில் போடலாம். மிதக்கும் பாசியை அப்படி அள்ள முடியாது.

இரண்டும் வளரத் தேவையானவை வெயில், சூடு, நைதரசன், பொஸ்பரஸ். 1973இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு ஒரு சிறு ஏரியைத் திரைகட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கத்துக்குக் காபனும் நைதரசனும் மட்டும்; மறுபக்கத்துக்கு அவற்றோடு பொஸ்பரஸும். பொஸ்பரஸ் போன பக்கம் பச்சை பிடித்தது. மற்றப் பக்கம் தெளிவாகவே கிடந்தது.

உங்கள் தொட்டிக்குப் பொஸ்பரஸ் மீன் சாப்பாட்டிலும், மீன் கழிவிலும், விழுந்து அழுகும் மா இலையிலும், மழையோடு வழிந்துவரும் பூக்கன்றுப் பசளையிலும் வருகிறது. நைதரசன் கிணற்றிலிருந்தேகூட வரலாம். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரை மணல் நிலம். மலசலகூடக் குழியிலிருந்து இறங்குவது நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரில் கலந்துவிடும். ஆகவே கிணற்று நீரை முழுதாக மாற்றி ஊற்றுவது, சிலவேளை, பாசிக்குப் புதுப் பந்தி வைப்பதுதான்.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும். அளவு கொஞ்சம் கூடினால் மீனையும் கொல்லும். ஒரேயடியாகச் செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பாசிக்குள் இருந்த பொஸ்பரஸும் திரும்பத் தண்ணீருக்கே வரும். அடுத்த பாசி அதைத் தின்று வளரும். குளோரின் மீனில்லாத தொட்டிக்கு மட்டும்தான். வெயில் அதைச் சிதைத்துவிடும் என்பதால் பொழுதுபட்ட பிறகு போடுங்கள்.

கொல்வதைவிடப் பட்டினி போடுவது நல்லது. மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கே சாப்பாடு போடுங்கள். அடியில் படிந்த சேற்றை எடுங்கள். நீர்ப்பரப்பில் பாதியையாவது அல்லி இலை மூடட்டும். நிழலும் விழும், பசளையையும் அது இழுத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் சேமித்த மழைநீரை ஊற்றுங்கள். மோட்டரை இரவிலும் ஓடவிடுங்கள். பகலில் ஒட்சிசன் விடுகிற பாசி, இரவில் அதை எடுக்க மட்டுமே செய்யும்.

பசளையை வேகமாக உறிஞ்சும் என்று ஆற்றுவாழையை மட்டும் கொண்டுவந்து விடாதீர்கள். அழகுச் செடியாக இலங்கைக்கு வந்த அதை ஒழிக்க 1909இலேயே சட்டம் போட வேண்டியிருந்தது.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான நம் மட்டக்களப்பு வாவிக்கும் இதே கணக்குத்தான். மேற்குக் கரையான படுவான்கரையின் வயற்பசளையும் நகரத்துக் கழிவுநீரும் அங்கே வந்து சேர்கின்றன. கோடையில் மணல் முகத்துவாரத்தை அடைத்தால் கடல்நீர் உள்ளே வந்து போவதும் நின்றுவிடும். ஆகவே தொட்டியிலிருந்து இறைக்கும் நீரைக் கானுக்குள் விடாமல் வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். பாசியை வளர்த்த சத்து அங்கே பசளையாகும்.

இவ்வளவும் செய்துவிட்டு மூன்று நான்கு கிழமை பொறுங்கள். தொட்டியின் அடி தெரிந்தால் போதும். கல்லில் ஒட்டிய மெல்லிய பச்சையைத் தேய்த்துக் கழுவத் தேவையில்லை. மிதக்கும் பாசிக்குப் போக வேண்டிய சத்தில் அதுவும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.