உங்களுக்குத் தெரியுமா?

குளத்து நீர்ச்செடியான ஹைட்ரில்லாவை ஒரு கண்ணாடிக் குவளை நீரில் அமிழ்த்தி வெயிலில் வையுங்கள். வெட்டிய தண்டின் நுனியிலிருந்து குமிழ்கள் கோத்த மணிபோல் மேலேறும். அவற்றில் நிறைந்திருப்பது ஆக்சிஜன். நிழலுக்கு நகர்த்தினால் குமிழ்கள் குறையும், இருட்டில் நின்றேவிடும். இலைகளின் இந்த வெயில் வேலையை 1779இல் கண்டறிந்தவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர்.

விளக்கொளியிலும் செய்து பார்க்கலாம். சிறிய விளக்கை இருமடங்கு தூரம் தள்ளினால் செடிக்குக் கிடைக்கும் ஒளி ஏறக்குறைய கால்பங்காகிவிடும். குமிழ்களை எண்ணினாலே வித்தியாசம் புரியும். ஆனால் ஒளியைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஓரளவுக்கு மேல் வேகம் ஏறாது. அப்போது பற்றாக்குறை பெரும்பாலும் நீரில் கரைந்த கரியமில வாயுவுக்குத்தான். ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்தால் குமிழ்கள் மீண்டும் விரையும்!