அரை ஷட்டருக்கு உள்ளே ஒரு ஜப்பான் செட்டு

குனிஞ்சு வாங்க, தலை இடிக்கும். ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. ஆடிக்காற்று ஆற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிடும் என்பதால் மெக்கானிக் அண்ணாச்சி அதற்கு மேல் ஏற்ற மாட்டார். ஃபேனும் கிடையாது, சால்டரிங் ராடு சூடு ஆறிப்போகுமாம். நுழைந்த மறு நிமிடமே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் என்ன ஒரு இடம்!

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இருக்கன்குடியில், ஆடிக் கடைசி வெள்ளிக்கு வந்து இறங்கும் கூட்டத்தையும் திசைக்கொன்றாக அலறும் மைக் செட்டையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு முதலில் நோய்வாய்ப்பட்டுப் படுத்துக் கிடப்பது இங்கேதான். மூலையில் குழாய் ஸ்பீக்கர்கள், பெஞ்சுக்கு அடியில் மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபயர்கள், ஆணியில் கொத்துக் கொத்தாக வயர். எல்லாவற்றுக்கும் நடுவில், பட்டத்து யானை மாதிரி, நாம் பார்க்க வந்த செட்டு: 1970-களின் ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவர். மரப்பெட்டி, வெள்ளி முகப்பு, கை நிறையப் பிடிக்கிற டியூனிங் குமிழ். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொண்டு வந்தது என்கிறார் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். நோய்: இடது பக்கம் பேசவில்லை.

“ஸார்வாள், சேவு தின்ன கையோட தொடாதீக!” அதட்டல் விழுகிறது. வாத்தியார் சாத்தூர் சேவுப் பொட்டலத்தை ஒளித்துக்கொள்கிறார். மாணவர் அதட்ட வாத்தியார் பம்முவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆமாம், அண்ணாச்சி அவரிடம் எட்டாம் வகுப்பு படித்தவராம்.

கழற்றும் திருகாணிகள் காலித் தீப்பெட்டிகளுக்குப் போகின்றன. மேல்மூடிக்கு ஒரு பெட்டி, அடித்தட்டுக்கு ஒன்று. இந்தப் பக்கத்தில் தீப்பெட்டிக்கா பஞ்சம்! மூடி திறந்ததும் உள்ளே ஒட்டடை, பல்லி முட்டைத் தோடு, எப்போதோ விழுந்த ஒரு பத்துப் பைசா. “சர்வீஸ் சார்ஜ் உள்ளேயே இருக்கே ஸார்!” கடைப் பையன் கையைத் தட்டிச் சிரிக்கிறான்.

கரண்டை நேராகக் கொடுப்பதில்லை. நடுவில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு. இதுதான் சீரிஸ் லாம்ப். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், செட்டு தப்பிக்கும். நாலு பேரும் பல்பையே பார்க்கிறோம். ஒரு மினுக்கு மினுக்கி மங்குகிறது. “உசுரு இருக்கு” என்கிறார் அண்ணாச்சி.

சில வினாடி கழித்து உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஸ்பீக்கரைக் காப்பாற்றுகிற ரிலே அது. உள்ளே எல்லாம் ஒழுங்கென்று தெரிந்த பிறகே வழி விடும். அண்ணாச்சி ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் பார்க்கிறார், அப்போதும் செட்டின் இடது பக்கம்தான் ஊமை. பால்பாயிண்ட் பேனாவின் பின்முனையால் அங்கே இங்கே மெல்லத் தட்டுகிறார். ரிலேயைத் தட்டியதும் ஊமையாக இருந்த பக்கம் ‘கர்ர்’ என்று இருமியது பாருங்கள், எனக்குக் கைதட்டத் தோன்றியது!

உடனே கை வைப்பார் என்று பார்த்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரிய கண்டன்சர்களில் தேங்கியிருக்கும் கரண்டை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்குகிறார். பையன் வீரமாக விரலை நீட்ட, “வெடி போடணும்னா சிவகாசிக்குப் போலே, இங்க வேணாம்” என்று ஒரு தட்டு.

அடுத்ததுதான் நான் ரசித்த வைத்தியம். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை மெல்லிய பட்டையாகக் கத்தரித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, ரிலேயின் இரண்டு முனைகளுக்கு நடுவே செருகி இழுக்கிறார். பட்டையில் கறுப்புக் கோடு. இன்னொரு பட்டை, கோடு மெலிகிறது. உப்புத்தாள் போட்டால் முனையின் பூச்சே போய்விடுமாம். மணமகன் பெயர் இருந்த துண்டு தீர்ந்து மணமகள் பக்கம் வந்தபோது பட்டை வெள்ளையாக வந்தது. வால்யூம் குமிழின் கரகரப்புக்கு கிளீனர் ஒரு பீய்ச்சு, இப்படியும் அப்படியும் இருபது முப்பது திருகு. அந்த வேலை பையனுக்கு. மூக்கு நுனியில் வியர்வை சொட்டச் சொட்டத் திருகுகிறான்.

மறுபடி ‘டிக்’. முள்ளை 100.5-க்கு நகர்த்துகிறார். கொடைக்கானல் பண்பலை! “ஜப்பானுக்குள்ள விக்கிற செட்டா இருந்தா 76-ல தொடங்கி 90-லயே முடிஞ்சிரும். கோடை எஃப்.எம். சிக்காது. இது வெளிநாட்டுக்குன்னு செஞ்சது, 108 வரைக்கும் போகும்” என்கிறார் அண்ணாச்சி, தானே செய்ததுபோல. மீடியம் வேவுக்கு மாற்றினால் 1197-ல் நெல்லை வானொலி.

இடம் வலம் பிரிகிறதா என்று பார்க்க அவர் வைத்திருப்பது ‘பிரியா’ பாட்டு. 1978-ல் வந்த, தமிழில் ஸ்டீரியோவுக்குப் பேர் போன இளையராஜா படம். செல்போனை வயரில் மாட்டி ஓட விடுகிறார். வயலின் ஒரு பக்கம், தாளம் மறுபக்கம். வெளியே மஞ்சள் சேலையில் கோயிலுக்குப் போன இரண்டு பெண்கள் குனிந்து எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, சத்தத்தைக் கூட்டுங்க!” என்கிறார்கள். வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். முகப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்க்கிறார். பிறகு நெற்றி சுருங்குகிறது.

“ஏம்ப்பா, இந்த ஓரத்துல ஒரு லைட்டு எரியலையே?”

“அதுக்குத் தனி ரேட்டு ஸார்” என்று சொல்லிக்கொண்டே, பெஞ்சுக்கு அடியிலிருந்து அடுத்த ஆம்ப்ளிஃபயரை இழுக்கிறார் அண்ணாச்சி.