எலியின் ஈரல் எவ்வளவு வளரும்?

ஈரலில் புற்றுக்கட்டி இருந்தால் மருத்துவர் எவ்வளவு வெட்டியெடுக்கலாம்? இதற்கு விடை தேட முதலில் எலியைப் பார்ப்போம்.

1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் வெள்ளை எலியின் ஈரலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை அகற்றினர். ஓரிரு வாரங்களில் ஈரல் பழைய எடையை நெருங்கிவிட்டது! ஆனால் இது பல்லிவாலைப் போன்றதன்று. வெட்டிய மடல் மறுபடி முளைக்காது. எஞ்சிய மடல்களே பருத்து ஈடுகட்டுகின்றன.

ஈரல் நோயுற்றிருந்தால்? கார்பன் டெட்ராகுளோரைடைப் பல வாரங்கள் செலுத்தினால் எலியின் ஈரலில் நார்த்திசு படர்ந்து, 'சிரோசிஸ்' என்னும் ஈரல் இறுக்க நோய் உண்டாகிறது. அந்த எலிக்கு அதே அறுவையைச் செய்தால் வளர்ச்சி தாமதமாகத் தொடங்குகிறது, குறைவாகவும் இருக்கிறது.

ஏன்? இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இதில் முதலில் தெரிவது குழாய்க் கணக்குதான். குடலிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக ஈரலுக்குள் பாய்கிறது. மூன்றில் இரு பங்கை நீக்கிவிட்டால் அவ்வளவு இரத்தமும் எஞ்சிய ஒரு பங்குக்குள் பாய வேண்டும். அதாவது, ஒவ்வொரு கிராம் ஈரலுக்கும் ஏறத்தாழ மும்மடங்கு! நலமான ஈரலின் உயிரணுக்களை வளரத் தூண்டுபவற்றுள் இந்த நெருக்கடியும் ஒன்று. இறுகிய ஈரலிலோ நுண்குழாய்களைத் தழும்பு நெரிக்கிறது. அழுத்தம் ஏறுகிறது, இரத்தத்தின் ஒரு பகுதி ஈரலுக்குள் புகாமலே பக்கவழிகளில் போய்விடுகிறது. உயிரணுக்களும் நெடுநாள் நஞ்சினால் களைத்துப் போனவை.

தழும்பைக் கரைக்க முடியுமா? 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஈரல் உயிரணுக்களைப் பெருகத் தூண்டும் ஒரு புரதத்தின் மரபணுவை இந்நோயுள்ள எலிகளின் தசையில் செலுத்தினர். தழும்பு பெரிதும் கரைந்தது. மனிதருக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. ஆகவே, நலமான ஈரலில் கால் பங்கு எஞ்சினாலும் துணியும் அறுவை மருத்துவர், இறுகிய ஈரலென்றால் நூற்றுக்கு 40 பங்காவது விட்டுவைக்கப் பார்க்கிறார்.