நின்றுபோன எஞ்சினும் குடும்பப் பணமும்

தோட்டப்புறத்தில் வாழும் குடும்பத்துக்குப் பழைய ஃபோர்-வீல் வண்டி ஆடம்பரப் பொருள் அன்று. மழை விட்ட மறுநாள் செம்மண் சாலையில் சிறிய கார் சிக்கிக்கொள்ளும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் கரையேறும். பிள்ளைகளைப் பெருஞ்சாலையில் கொண்டுபோய் விடவும், உர மூட்டை ஏற்றவும், இரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அதுவே துணை. அப்படிப்பட்ட வண்டியின் எஞ்சின் ஒருநாள் நின்றுவிட்டால் வீட்டில் எல்லாமே நின்றதுபோல் ஆகிவிடுகிறது. அந்தப் பதற்றத்தில் நகையை அடகு வைத்தோ, வட்டிக்காரரிடம் கைநீட்டியோ, கேட்ட தொகையைக் கொடுத்து ஏதோ ஓர் எஞ்சினை வாங்கி மாட்டுபவர்கள் உண்டு. ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம். கையில் உள்ள பணத்துக்குள் இந்த வேலையை எப்படி முடிப்பது என்பதை இன்று வரிசையாகப் பார்ப்போம்.

நம் நாட்டில் பலரும் வைத்திருக்கும் மிட்சுபிஷி பஜேரோ வண்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1982இல் வெளிவந்து, 1991இல் இரண்டாம் தலைமுறை கண்ட வண்டி இது. இதன் டீசல் வகைகளில் பெயர்பெற்றது 4டி56 என்னும் எஞ்சின். நான்கு சிலிண்டர், கொள்ளளவு 2,477 சி.சி. இதே எஞ்சின் எல்200 பிக்கப்பிலும் டெலிக்கா வேனிலும் வந்திருக்கிறது. ஆகையால் பழைய எஞ்சின்களும் உதிரிப்பாகங்களும் தேடினால் அகப்படும். உங்கள் வண்டி வேறு நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், இங்கே சொல்லும் முறை பெரும்பாலும் பொருந்தும்.

முதல் கேள்வி, எஞ்சின் உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதுதான். சாவியைத் திருப்பினால் அசையவில்லை என்பதால் மட்டும் அந்த முடிவுக்கு வரக்கூடாது. பேட்டரி இறங்கியிருக்கலாம்; எர்த் கம்பி துருப்பிடித்திருக்கலாம்; ஸ்டார்ட்டர் மோட்டார் பழுதாகியிருக்கலாம். கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் முன்புறத்தில் உள்ள பெரிய புல்லியின் போல்ட்டில் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரைப் போட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பினால் எஞ்சின் இறுகவில்லை என்று பொருள். பாதியில் தடை தட்டினால் வலிந்து திருப்பக்கூடாது.

வெள்ளத்திலோ ஓடையிலோ இறங்கியபோது வண்டி நின்றிருந்தால், காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அதனால் பிஸ்டன் மேலே வர முடியாமல் எஞ்சின் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். உடனே இதைச் செய்தால் எஞ்சின் பிழைக்கவும் கூடும்.

ஓடும்போதே திடீரென்று நின்றிருந்தால் டைமிங் பெல்ட்டைப் பாருங்கள். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். 4டி56 எஞ்சினில் அந்த அடியை ராக்கர் ஆர்ம்கள் வாங்கிக்கொண்டு உடைந்துபோவது உண்டு. சேதம் அவ்வளவோடு நின்றிருந்தால், மேல்பகுதியை மட்டும் பழுதுபார்த்து வண்டியை ஓட்டலாம். முழு எஞ்சினும் வாங்கத் தேவையில்லை.

எண்ணெய் அளக்கும் குச்சியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்க வேண்டும், அல்லது சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டிருக்க வேண்டும். இந்த எஞ்சினின் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். எஞ்சின் கொதித்துவிட்டால் ஹெட் கோணிக்கொள்வதும் விரிசல் விடுவதும் அதனால்தான். கடைசியாக, நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் டீசலுக்கு உரிய மானியால் அளக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் எஞ்சினுக்கான மானி இதற்கு உதவாது. நான்கும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் கோளாறு அங்கே இருக்கிறது.

இரண்டாவது கேள்வி, எஞ்சின் ஏன் செத்தது? காரணத்தை அறியாமல் வேறு எஞ்சினை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். ரேடியேட்டர் அடைத்திருந்ததா? தண்ணீர்ப் பம்பு ஒழுகியதா? மின்விசிறியின் கிளட்ச் பிடிக்கவில்லையா? எண்ணெய் குறைந்திருந்ததா? பழைய எஞ்சினைக் கழற்றும்போதே இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி, வண்டி அந்தச் செலவுக்குத் தகுதியானதா? எஞ்சின் மாற்றியதால் மற்றவை புதியதாகிவிடா. வண்டியின் அடியில் படுத்து, சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். சில இடங்களில் பொத்துக்கொண்டும் போகும். கியர்பாக்ஸ், முன் அச்சு, ஃபோர்-வீல் இணைப்பு ஆகியவை நன்றாக உள்ளனவா? எல்லாச் செலவையும் கூட்டி, அதே வகையான ஓடும் வண்டி ஒன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். செலவு அந்த விலையை நெருங்கினால், இருக்கிற வண்டியை உள்ளபடி விற்றுவிடுவதே மேல்.

இனி, முன்னே உள்ள வழிகளைப் பார்ப்போம். ஒன்று, மேல்பகுதியை மட்டும் பழுதுபார்ப்பது. ஹெட் மட்டும் கெட்டு, சிலிண்டரும் கிராங்கும் நன்றாக இருந்தால் இதுவே மலிவு. இரண்டு, எஞ்சினை முழுமையாகப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டனும் பேரிங்கும் போடுவது. நல்ல கைகளில் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் செலவும் நாளும் அதிகம். மூன்று, அதே வகை பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டுவது. நான்கு, வேறு வகை எஞ்சினைப் பொருத்துவது. இந்த நான்காவது வழி பேச்சில் இனிக்கும். ஆனால் தாங்கிகள், மின்கம்பிகள், கியர்பாக்ஸ் இணைப்பு என்று ஒவ்வொன்றும் பணம் கேட்கும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இதற்கே பொருந்தும். அளந்த பணம் வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடலாம்.

பழைய எஞ்சின் என்றதும் நம்மவர்கள் ஹாஃப்-கட் கடைக்குத்தான் போகிறார்கள். ஜப்பானில் சொந்தக் கார் முதலில் மூன்று ஆண்டுகளிலும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பழைய வண்டிக்கு அந்தச் செலவு செய்வதைவிடக் கழித்துவிடுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கழிக்கப்பட்டவற்றில் சில, முன்பாதியாக வெட்டப்பட்டு இங்கே வருகின்றன. ஜப்பானிலும் நம்மைப் போலவே இடப்பக்கமாக ஓட்டி, வலப்பக்கத்தில் ஸ்டீயரிங் வைத்திருப்பதால் பாகங்கள் பொருந்துகின்றன.

கடையில் எஞ்சினின் வெளிப்புறத்தைக் கழுவிப் பளபளக்க வைத்திருப்பார்கள். அதில் மயங்க வேண்டாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள்; கறுத்த களிம்பு கெட்டியாக ஒட்டியிருந்தால் எண்ணெய் மாற்றாமல் ஓடிய எஞ்சின். கையால் சுற்றிப் பாருங்கள். வாய்ப்பிருந்தால் பேட்டரி கொடுத்து ஓடவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓடும்போது மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. டர்போவின் அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். அது இறக்கையோடு சேர்ந்து பக்கச் சுவரில் உரசக்கூடாது.

4டி56 என்ற எண் ஒன்றாக இருந்தாலும் எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. டீசல் பம்பு சிலவற்றில் இயந்திர வகை. சிலவற்றில் மின்னணு வகை. மின்னணுப் பம்புக்கு அதற்குரிய கணினிப் பெட்டியும் கம்பிகளும் வேண்டும். உங்கள் பழைய பம்பு நல்ல நிலையில் இருந்தால் அதையே மாற்றிப் போடலாமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வேனில் இருந்து வந்த எஞ்சினாக இருந்தால் எண்ணெய்த் தொட்டியின் வடிவம் மாறியிருக்கும். ஃபோர்-வீல் வண்டியில் முன் அச்சின் டிஃபரென்ஷியலுக்கு இடம் விட வேண்டும் அல்லவா? அப்போது உங்கள் பழைய தொட்டியையும் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் மாற்றிப் போட வேண்டிவரும். ஆகவே எல்லாம் பொருந்தி வண்டி ஓடும்வரை பழைய எஞ்சினை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எஞ்சின் வெளியே இருக்கும்போது சில பாகங்களைப் புதிதாகப் போட்டுவிடுவது சிக்கனம். டைமிங் பெல்ட், அதனோடு உள்ள பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட், தண்ணீர்ப் பம்பு, தெர்மோஸ்டாட், பின்புற ஆயில் சீல், கிளட்ச் தட்டு, ரப்பர் குழாய்கள் ஆகியவையே அவை. இவற்றை இப்போது விட்டுவிட்டால், பின்னர் ஒரு சீலுக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் கூலியைக் கொடுக்க நேரும். ரேடியேட்டரைக் கழற்றி அதற்குரிய கடையில் சுத்தம் செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டாமல் ஓடினால் டீசல் சரியாக எரியாது; தேய்மானமும் கூடும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? ஒரு கணக்குக்காக 5,000 வெள்ளி கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்கும் மாட்டும் கூலிக்கும் சேர்த்து 3,500க்கு மேல் பேசாதீர்கள். 1,000 வெள்ளி நான் மேலே சொன்ன புதிய பாகங்களுக்கு. மீதி 500 எதிர்பாராத செலவுக்கு. கடைக்காரர் கேட்கும் விலை இதற்குள் அடங்காவிட்டால், இன்னும் சில மாதம் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். கடன் வாங்கித் தொடங்காதீர்கள். வட்டி ஓடும் வேகத்தில் எந்த வண்டியும் ஓடாது. பட்டறையில் கூலி எவ்வளவு, எண்ணெயும் கூலண்டும் சேர்த்தா, எஞ்சின் ஓடாவிட்டால் யார் பொறுப்பு, எத்தனை நாள் உத்தரவாதம் என்பவற்றை எழுதி வாங்குங்கள். வீட்டில் கணக்கு நன்றாகப் பார்ப்பவர் தாயோ மகளோ யாராக இருந்தாலும், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்து, பலர் அலட்சியம் செய்யும் விஷயம் சட்டம். வண்டியின் பதிவில் எஞ்சின் எண்ணும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் அனுமதி பெற்று, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, புதிய எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் என்னென்ன பத்திரங்கள் தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடையின் விற்பனைச் சீட்டில் எஞ்சின் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதி எஞ்சினுக்குச் சுங்கப் பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். எண் சுரண்டப்பட்ட எஞ்சினைத் தொடவே வேண்டாம்; திருட்டுப் பொருளாக இருந்தால் வண்டியும் போகும், வழக்கும் வரும். வண்டிக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்திடமும் சொல்ல வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பதிவில் ஓர் எண்ணும் வண்டியில் வேறோர் எண்ணும் இருந்தால், விபத்து நேர்ந்த அன்று இழப்பீடு கேட்பதில் சிக்கல் வரலாம். அதே கொள்ளளவுள்ள, அதே டீசல் எஞ்சினைப் போடுவதில் இங்கேயும் ஒரு நன்மை உண்டு. சாலை வரிக் கணக்கு குழம்பாது.

எல்லாம் பூட்டி முடிந்தபின் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டீசலை நிறுத்தும் வால்வின் கம்பியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். அதனால் எண்ணெய் பேரிங்குகளுக்கு எட்டிவிடும். பிறகு டீசல் ஃபில்டர் மேல் உள்ள கைப்பம்பை அழுத்திக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு ஓடவிடுங்கள். முதல் அரைமணி நேரம் சூட்டு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். முதல் வாரத்தில் தினமும் காலையில் எண்ணெயையும் தண்ணீரையும் பாருங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

நேயர்களே, பழைய வண்டி வைத்திருப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. உழைத்துச் சேர்த்த பணம் எதற்காகப் போகிறது என்று தெரிந்து செலவிடுவதே முக்கியம். சோதித்துப் பார்த்து, காரணத்தைக் கண்டு, கணக்கிட்டு, எழுதி வாங்கி, சட்டப்படி பதிந்து செய்தால், அந்த வண்டி இன்னும் பல மழைக்காலம் உங்கள் குடும்பத்தைச் சேற்றிலிருந்து கரையேற்றும்.